பஞ்சு வைத்த மடிக்கணினி

"சங்கீத கேஸ் ஒண்ணு வருது!" என்று முன்மேசைப் பெண் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கொடுத்த கையோடு சுவரில் மாட்டியிருந்த டி.வி.யின் சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.

கிறீச்சிடுகிறது என்று புகார் சொல்லி வரும் மடிக்கணினிக்கு அந்தச் சர்வீஸ் சென்டரில் சங்கீத கேஸ் என்று பெயர். வந்தவர் கணினியை மேசையில் வைத்து அமுக்கிக் காட்டும்போது டி.வி.யில் கம்பெனி விளம்பரம் அலற வேண்டும். "எங்கே, ஒண்ணும் கேக்கலையே?" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ள வேண்டும். யார் கண்டுபிடித்த தந்திரமோ தெரியாது, இரண்டு வருடமாகப் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் பழுதில்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். யானை விலை கொடுத்து வாங்கிய மடிக்கணினியைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். இதே புகாரோடு அவள் வருவது இது மூன்றாவது முறை.

"சார், இடது கை வைக்கிற இடம். தொட்டாலே கிறீச்சுங்குது. மொதல்ல எப்பவாவது கேட்டுச்சு. இப்ப ஒவ்வொரு எழுத்துக்கும் கேக்குது."

மேனேஜர் ஒரு விரலால் மெல்லத் தட்டினார். "மெல்லிசான மாடல் மேடம். இப்படிப்பட்ட மாடல்ல லேசா சத்தம் வரத்தான் செய்யும். உங்க கை கொஞ்சம் கனமோ என்னமோ?"

"வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லி கிண்டல் பண்றாரு. ஆனா, நாள் முழுக்க அடுத்தவங்க பேசி அனுப்புற பதிவைக் கேட்டு எழுதறதுதான் சார் என் பிழைப்பு. இருமலுக்கும் கனைப்புக்கும் வித்தியாசம் கேட்டு எழுதறவ நான். என் காது பொய் சொல்லாது."

"காது பொய் சொல்லாதுதான். மனசு சொல்லுமே" என்று சிரித்துவிட்டு மேனேஜர் கணினியை உள்ளே அனுப்பினார்.

உள்ளே இருந்தவர் பஞ்சு டாக்டர். பன்னிரண்டு வருடம் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை. எந்தச் சத்தமானாலும் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சொருகி, ஸ்க்ரூவை இறுக்கிக் கால் மணி நேரத்தில் அடக்கிவிடுவார். அதனால் அந்தப் பட்டம். கெட்டவர் இல்லை. பாகம் எதையும் மாற்றாமல் புகாரை முடிப்பவருக்குத்தான் அங்கே மரியாதை. இந்த மாதம் இன்னும் நாலு கேஸை அப்படி முடித்தால் தலைமை டெக்னீஷியன் நாற்காலி உமக்குத்தான் என்று மேனேஜர் வேறு ஆசை காட்டியிருந்தார். ஆசை யாரை விட்டது?

உண்மையில் அன்று காலை அவள் கணினியைத் தொட்டதும் அவர் விரலுக்கு ஏதோ நெருடியது. டச்பேட் வழக்கம்போல அமுங்கவில்லை, கல் மாதிரி இருந்தது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வெளியே வரிசை நீண்டிருந்தது. ஓரத்தை மட்டும் நெம்பி, கறுப்பு ஸ்பாஞ்சை இரண்டு மடிப்பாக வைத்து, ஸ்க்ரூக்களை ஒரு சுற்று கூடவே இறுக்கினார். சர்வீஸ் அட்டையில் 'சத்தம் இயல்பானது' என்று எழுதினார்.

பஞ்சு டாக்டரே வெளியே கொண்டுவந்து கொடுத்ததும் அவள் அங்கேயே தட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. "அப்பாடா! ராத்திரியெல்லாம் இந்தச் சத்தத்துல குழந்தை முழிச்சிக்கிறா சார். அவளைக் கட்டில்லயே பக்கத்துல போட்டுக்கிட்டுதான் வேலை பார்ப்பேன்" என்று சொல்லி, அவருக்கு இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு கல்லூரி வாத்தியார் அதே மாடலோடு வந்தார். "மூடி சரியா மூட மாட்டேங்குது, மேசையில வச்சா கால் உடைஞ்ச நாற்காலி மாதிரி ஆடுது. ரெண்டு மாசமா இடது பக்கம் கிறீச் கிறீச்னுச்சு, நான்தான் கண்டுக்கல" என்றார்.

பஞ்சு டாக்டர் அடிமூடியைக் கழற்றினார். கழற்றியவரின் கை அப்படியே நின்றது. தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரியின் இடது பாதி, பூரித்த தலையணை போல உப்பிக் கிடந்தது. அது மேலே தள்ளத் தள்ளத்தான் மேல்தகடு நெளிந்து கிறீச்சிட்டிருக்கிறது. மெல்லிசாகத் தெரிய வேண்டும் என்று பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடம்கூட விடாமல் செய்த உடம்பு அது. உப்பிய பேட்டரி அழுந்தினால், குத்துப்பட்டால், தீப்பிடிக்கும். தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது.

காலையில் வந்ததும் இதே இடது பக்கம்தான். கல் மாதிரி இருந்த டச்பேடும் ஞாபகத்துக்கு வந்தது. அதன்மேல் ஸ்பாஞ்சை வைத்து, ஒரு சுற்று கூடவே இறுக்கியது யார் கை? கட்டில், பக்கத்தில் குழந்தை.

அவள் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், மறுபடியும் எடுக்கவில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பாள், வேறென்ன?

ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பதறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உம்ம கண்ணால பார்த்தீரா அந்தம்மாவோட பேட்டரிய?"

"பார்க்கல சார். பார்க்காததுதான் தப்பு."

"பின்ன என்ன? நாமளா போய் சொன்னா, காலையில தப்பு பண்ணிட்டோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கம்பெனிலேர்ந்து சுற்றறிக்கை எதுவும் வரல. சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுக்காதீரு. நாற்காலி ஞாபகம் இருக்கட்டும்."

"சார், நாற்காலி இன்னிக்கில்லேன்னா நாளைக்கு. குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்குன்னு ஒண்ணு உண்டா?" என்று கேட்டுவிட்டு, பழைய பேட்டரிகளைப் போடும் இரும்புப் பெட்டியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு பஞ்சு டாக்டர் படியிறங்கினார். தன் வாய்தான் அப்படிப் பேசியதா என்று வண்டியைக் கிளப்பும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அட்டையில் இருந்த முகவரியில், மூன்றாம் மாடி. அழைப்புமணியை மூன்று முறை அழுத்திய பிறகுதான் கதவு திறந்தது. அவள் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது.

"நீங்களா? என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?"

"கம்ப்யூட்டர் எங்கம்மா?"

கட்டில்மேல் இருந்தது. சார்ஜரும் சொருகியிருந்தது. ஒரு முழம் தள்ளி, சுவரோரமாக, இரண்டு வயதுப் பெண்குழந்தை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையின் நுனி கணினிமேல் கிடந்தது.

"மொதல்ல குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போங்கம்மா. அப்புறம் எல்லாம் சொல்றேன்."

அவர் முகத்தைப் பார்த்து அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. பஞ்சு டாக்டர் சார்ஜரைப் பிடுங்கினார், கணினியை அணைத்தார், இரண்டு கையாலும் அழுத்தாமல் ஏந்திப் பால்கனியின் வெறுந்தரையில் வைத்தார். அடிப்பக்கம் நன்றாகவே சுட்டது. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசி ஸ்க்ரூ கழன்றதும் மூடி தானே எழும்பியது. இடது பாதி உப்பியிருந்தது, அவர் வைத்த ஸ்பாஞ்சு அதில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. இணைப்பைப் பிரித்து, பேட்டரியை அலுங்காமல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடியபோது அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

வாசலில் குழந்தையைத் தோளில் போட்டபடி அவள் நின்றாள். அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் கழற்றிப் பார்க்காததையும், கூடவே இறுக்கியதையும், சத்தம் இயல்பானது என்று எழுதியதையும் சொன்னார். பூசி மெழுகவில்லை.

அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "மூணு தடவை வந்தேன் சார்" என்றாள். குரல் உயரவில்லை. "உங்க கை கனம்னாரு அவரு. நானும் நம்பிட்டேன். பூவைத் தொடற மாதிரி தட்டிப் பழகிக்கிட்டு இருந்தேன். அந்தச் சத்தம்தானே சார் எங்களைக் கூப்பிட்டு எச்சரிச்சுக்கிட்டு இருந்துச்சு? அது வாயை அடைச்சி கையில குடுத்து அனுப்பினீங்க. நானும் கும்பிட்டு வாங்கிட்டு வந்தேன்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். இந்தப் பஞ்சு வைத்தியம் இன்னும் எத்தனை வீட்டுக்குப் பண்ணீங்க?"

பஞ்சு டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே கேள்விதான் கூட வந்தது.

கடைக்கு வந்ததும் முன்மேசைப் பதிவேட்டில் எண்ணிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து மேனேஜர் முன் காட்டினார். மேனேஜர் ஒரு தடவை பார்த்தார், மறு தடவை பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "சரி சரி, அந்தம்மாவுக்குப் புது பேட்டரி போட்டுக் குடுத்துடலாம். செலவு நம்மளோடது. ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும்."

"இந்த மாடல்ல சத்தம்னு வந்தவங்க இன்னும் இருபத்திரண்டு பேர் இருக்காங்க சார். அத்தனையும் நான் பஞ்சு வச்சு அனுப்பினது."

"அவங்கதான் திரும்பி வரலையே. வரலேன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இல்ல சார். சத்தம் நின்னு போச்சுன்னு அர்த்தம்."

மேனேஜர் வீட்டிலும் பேரப்பிள்ளை உண்டு. மேலிடத்துக்கு நான் எழுதுகிறேன் என்று முனகிவிட்டு, பழைய அட்டைகள் இருந்த இழுப்பறையின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்காலிப் பேச்சை மட்டும் அவர் மறுபடி எடுக்கவில்லை. பஞ்சு டாக்டரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு அட்டைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினார். எடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தா.

"அந்தச் சத்தமா? அது ஒண்ணுமில்லப்பா. வயசானா காதுல அப்படித்தான் கேக்கும்னு உங்க ஆபீஸ்லயே சொன்னாங்களே. நானும் காது டாக்டர்கிட்ட நாள் குறிச்சி வாங்கி வச்சிருக்கேன்" என்றார் அவர் வெள்ளந்தியாக.

பஞ்சு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. காதை மூடிக்கிட்டது நாங்கதான். குறை சொல்றவங்க வாயை அடைச்சிட்டா குறை தீர்ந்துடாதுங்க, அது உள்ளயே இருந்து வளரும். இத்தனை வருஷம் தொழில் பண்ணி இன்னிக்குத்தான் எனக்கு இது புரிஞ்சுது. இப்பவே கம்ப்யூட்டரை அணைச்சி, படுக்கைப் பக்கம் இருந்தா எடுத்து வெறுந்தரையில வைங்க. கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்."