இரவல் ஆள்

அஃப்சல் கையை நீட்டிக் காட்டியதும் பாண்டிதுரை பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. கண்மாய்க்கரையில் இரண்டு ஆடுகள்தான் நின்றன.

"என்னையவா?"

"உன்னையத்தான் மாப்ள. நீயும் ஆளுதானே?"

பாண்டிதுரை ராஜபாளையம் அணியின் கேப்டன். இந்த லீக் தொடங்கிப் பதினோரு வருஷம். ஒரு கேப்டனை இரவல் கேட்டவன் இதுவரை கிடையாது.

ரக்பி என்றால் நீள்பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். வைக்க விடாமல் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தபோது பாண்டிதுரை கற்றுக்கொண்டது இது. படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டான், ஆட்டத்தை விடவில்லை. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் நைட் ஷிப்டுக்குப் போனவன், உடன் வேலை பார்த்தவர்களைக் கூட்டி ஓர் அணி சேர்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோழிக்கடை வைத்திருந்த அஃப்சல் இன்னொன்று சேர்த்தான். மம்சாபுரத்தில் ஒன்று, அதே கிருஷ்ணன்கோவில் காலேஜ் ஹாஸ்டல் பையன்களுடையது ஒன்று. ஆக நாலு அணி. மதுரை ரக்பி சங்கத்துக்காரர்கள் இதை நாலாவது டிவிஷன் என்று எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது என்று ஒன்று இல்லை.

முதல் வருஷம் முகூர்த்த நாளாகப் பார்த்து ஆட்டம் வைத்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் பாதிப்பேர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து பேர் இல்லாவிட்டால் ஆட்டம் செல்லாது என்று பாண்டிதுரை சொன்னான். வந்தது வந்தாச்சு, சும்மா திரும்புவானேன் என்று உபரி ஆட்களை எதிரணிக்குக் கொடுத்தான். அதுவே வழக்கமாகிவிட்டது. வாங்குகிற கேப்டன் கை காட்டுவான். காட்டப்பட்டவன் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். போனவன் உண்மையாக ஆட வேண்டும். மம்சாபுரம் தவசிமுத்து ஒருமுறை இரவல் போன இடத்தில் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டான். இன்றுவரை அவன் பெயர் ஓட்டைக்கை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

வழக்கத்தை உண்டாக்கியவனையே இன்று கை காட்டியாயிற்று. அதுவும் இந்தக் கடைசி ஆட்டத்தில்.

ஜெயிக்கும் அணியை மேல் டிவிஷனுக்கு எடுத்துக்கொள்வதாக மதுரையிலிருந்து முதல்முறையாகச் சொல்லியிருந்தார்கள். விக்னேஸ்வரன் என்ற சங்கத்துப் பார்வையாளரும் தொப்பியும் கூலிங்கிளாஸுமாக வந்து உட்கார்ந்திருந்தார். பாண்டிதுரைக்கு வயது முப்பத்திரண்டு, வலது முட்டி பாதிதான் மடங்கும். "எதைத்தாம்ல நீ முழுசா முடிச்ச?" என்பது அவன் அம்மா வேலுத்தாய் தினமும் கேட்கிற கேள்வி. இதை ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தான்.

சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டான்.

"அண்ணே, வெளையாட்டுக்குச் சொல்றாரு. போகாத," என்றான் விமல். மில்லில் பக்கத்து மெஷின்காரன், அணியில் வேகமானவன்.

"ஆளக் காட்டியாச்சுல. பொறவு என்ன பேச்சு?"

ஆட்டம் முழுக்கத் தன் ஆட்களையே தள்ளினான். கடைசிக் கட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு புள்ளி முன்னால் நின்றது. அப்போது விமல் பந்தோடு ஓரமாகப் பிய்த்துக்கொண்டு வந்தான். முன்னால் பாண்டிதுரை ஒருவன்தான். நேராக வருவதுபோல வந்து இடது பக்கம் வெட்டுவது விமலின் பழக்கம். அதைச் சொல்லிக்கொடுத்ததே பாண்டிதுரைதான். இடது பக்கம் பாய்ந்து இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

விமல் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். "ஏண்ணே, செத்த தடுமாறியிருந்தா என்ன? கிரீடமா எறங்கிரும்?"

அஃப்சலின் ஆட்கள் பாண்டிதுரையைத் தூக்கிக் கொண்டாட வந்தார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் விக்னேஸ்வரன். "அந்தத் திருப்பிப் போட்ட சட்டை யாரு? ராஜபாளையத்துல பதிவு பண்ணுன ஆளுல்ல? இந்தப் பக்கம் ஏன் ஆடுனாரு?"

"எங்களுக்கு ஒரு ஆள் கொறஞ்சுச்சு சார்," என்றான் அஃப்சல். "ஒருத்தன் போலீஸ் பரீட்சைக்குப் போயிட்டான்."

"கொறஞ்சா என்ன? பதினாலு பேரோட ஆட வேண்டியதுதான? சட்டத்துல தாராளமா ஆடலாமே."

பதினைந்து இல்லாவிட்டால் செல்லாது என்று பாண்டிதுரைக்கு யார் சொன்னது? யோசித்தான். யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று இவனாகவே நினைத்துக்கொண்டான்.

"பதிவில்லாத ஆள எறக்குனா தோல்வி. அதனால ஸ்ரீவில்லிபுத்தூர் அவுட். ராஜபாளையம் மேல போகுது."

விமல் துள்ளிக் குதித்தான். அஃப்சல் குதிக்கவில்லை. பாண்டிதுரையின் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"இந்தச் சட்டம் தெரிஞ்சுதான் வந்தியா மாப்ள?"

"நீதானடா கையக் காட்டுன!"

"அதான். காட்டுவேன்னு தெரிஞ்சு நின்னியா?"

அஃப்சல் கையால் பாண்டிதுரை கோழிக்கறி வாங்கிச் சாப்பிட்ட வருஷங்கள் எத்தனை.

விக்னேஸ்வரன் எழுந்தார். "இந்தக் கூத்து இன்னைக்கு மட்டுந்தான?"

"இன்னைக்கு மட்டுந்தான் சார்," என்று விமல் முந்தினான்.

"கேப்டன் சொல்லட்டும்."

அவன் அணியின் பதினைந்து பேரும் பாண்டிதுரையைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டு போதும், மேலே போய்விடலாம். நியாயம், தர்மம் எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவன். அஃப்சல் வேறு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளதுதான் வாயில் வந்தது.

"எப்பவுமே இப்படித்தான் சார். எங்களுக்கு ஷிப்ட் மாறுனா நாங்க வாங்குவோம். அறுப்பு நேரத்துல மம்சாபுரம் வாங்கும். மொதோ வருஷத்துல இருந்து."

"அட நாசமாப் போறவனே," என்றான் விமல். அண்ணன் பட்டம் அத்தோடு போயிற்று.

விக்னேஸ்வரன் கரையோரம் போய் மதுரைக்குப் பேசினார். திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"எரவல் வாங்குன டீம் எல்லாத்துக்கும் அந்தந்த ஆட்டத்துல தோல்வி. குடுத்தவனப் பத்திச் சட்டத்துல ஒரு வரியும் இல்ல. எரவலே வாங்காத டீம் எது?"

எல்லோருடைய தலையும் புளியமரத்தடிக்குத் திரும்பியது.

அங்கே கிருஷ்ணன்கோவில் பையன்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு வந்தால் ஹாஸ்டலை விட்டு வெளியே வரலாம் என்பதற்காகவே பஸ் நிறைய வருகிறவர்கள். பதினோரு வருஷத்தில் ஓர் ஆட்டம் ஜெயித்ததில்லை, ஓர் ஆள் குறைந்ததும் இல்லை. அவர்களோடு ஆட்டம் என்றால் மற்ற அணிகள் ரெண்டு பேரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும். அங்கேதான் ஆள் கொட்டிக் கிடக்கிறதே, வாங்கிக்கொள்ளலாம்.

"அப்போ இவங்கதான் சாம்பியன்," என்றார் விக்னேஸ்வரன்.

"அப்போ போன வருஷமெல்லாம்?" என்று கேட்டான் அஃப்சல். கடை ஃபிரிட்ஜ் மேல் நாலு கோப்பை வைத்திருக்கிறான்.

"கணக்குப் பாத்தா அதுவும் இவங்கதான்."

படித்து முடித்துப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் போன எத்தனையோ பேர், தோற்றுத் தோற்றுக் கைகொடுத்துவிட்டுப் போனவர்கள், இந்த நிமிஷம் சாம்பியன்கள் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கே தெரியாது.

பையன்களின் கேப்டன் ஜெபா மரத்தடியிலிருந்து வந்தான். மூன்றாம் வருஷ மெக்கானிக்கல்.

"அண்ணே, மதுரைக்கு அனுப்புனா செத்துருவோம்ணே. எங்ககிட்ட ஆள் இருக்கு. ஆட்டந்தான் இல்ல." விக்னேஸ்வரனைப் பார்த்தான். "சார், வெளி ஆள் யாரையாவது சேத்துக்கலாமா?"

"அடுத்த சீசனுக்கு முன்னாடி முறையாப் பதிவ மாத்துனா சேத்துக்கலாம். ஒரு ஆள்."

அஃப்சல் சிரிக்க ஆரம்பித்தான். தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கையக் காட்டு தம்பி. காட்டுன ஆள் வரணும். அதான் இங்க வழக்கம்."

ஜெபா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

பாண்டிதுரை இந்தத் தடவையும் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே விமல் நின்றிருந்தான், மற்ற பதினாலு பேரும் நின்றிருந்தார்கள். ஜெபாவின் விரல் அவர்களில் யாரையும் காட்டவில்லை. விமல் அவன் காலடியில் துப்பிவிட்டு பைக்கை நோக்கி நடந்தான்.

மேலே போகலாம். தனியாக. இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு வந்த அதே இடத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு.

"அண்ணே?" என்றான் ஜெபா.

பாண்டிதுரை சட்டையைச் சரியாகத் திருப்பிப் போடக் கழற்றினான். கழற்றியவன், எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.