கூடம் கோணல்

தோளை இறக்குங்க, தலையை லேசா இந்தப் பக்கம், நிமிர்ந்து உட்காருங்க என்று ஊரையே நேராக்கி உட்கார வைத்த போட்டோக்காரருக்குத் தன் உடம்பிலேயே ஒரு கோணல் வரும் என்று யார் கண்டது? வந்தது. அதுவும் வெளியே சொல்ல முடியாத இடத்தில். ஆண்குறியின் மேல்பக்கம் பட்டாணி போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. விறைக்கும்போது வலித்தது. கொஞ்ச நாளில் மேல்நோக்கி வளையவும் ஆரம்பித்தது. பல்வலி என்றால் நாலு பேரிடம் புலம்பலாம், இதை யாரிடம் போய்ச் சொல்வது? புற்றுநோய்தான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, வாய்க்குப் பூட்டும் போட்டுக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்தால் முதுகுவலி என்றார். முதுகு சரியானதும் கட்டில் சரியில்லை, கிறீச்சிடுகிறது என்றார். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். கோணல் என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தெரிந்துவிட்டதோ என்று பதறிப்போய், விளக்கை அணைத்துவிட்டார். மறுநாள் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போய்விட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டே பேர் இருந்த வீட்டில் ஆளுக்கொரு மூலை என்றானது.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் டாக்டரிடம் போனார். மருமகன் வயதுதான் இருக்கும் டாக்டருக்கு. பரிசோதித்துவிட்டு முதல் வார்த்தையாக, இது புற்றுநோய் இல்லை என்றார். போட்டோக்காரருக்கு எழுந்து அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. உள்ளே இருக்கும் உறையில் தெரியாமல் சின்னச் சின்ன அடி பட்டிருக்கலாம், சிலருக்கு அந்தக் காயம் ஆறும்போது தழும்பு கெட்டியாகிவிடும், சர்க்கரை இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். தழும்பு விழுந்த பக்கம் விரியாது, அதனால் அந்தப் பக்கமே வளைகிறது. வலி பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். வளைவு ஒரு நிலைக்கு வரும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். இருந்தால் தழும்புக்குள் ஊசி, தினமும் மாட்டிக்கொள்ளும் இழுவைக் கருவி, கடைசியாக அறுவைச் சிகிச்சை. கண்ட எண்ணெயை வாங்கித் தடவ வேண்டாம் என்றும் சொன்னார்.

"வளைவு எவ்வளவுன்னு பாக்கணும். வீட்டுல விறைப்பா இருக்கும்போது, மேலேருந்து ஒண்ணு, பக்கத்துலேருந்து ஒண்ணு, ரெண்டு கோணத்துல போட்டோ எடுத்துட்டு வாங்க. எடுக்க வரலைன்னா வீட்டுல உதவி கேளுங்க."

எடுக்க வரலைன்னா! யாரிடம் வந்து என்ன சொல்கிறார் என்று போட்டோக்காரருக்கு மீசை துடித்தது. ஆனால் ஸ்டுடியோவின் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போய் நின்றபோதுதான் தெரிந்தது. போனைப் பார்த்தால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, உடம்பைக் கவனித்தால் போன் வேறெங்கோ பார்த்தது. எத்தனையோ கல்யாணம் எடுத்த கை அன்று தோற்றுப்போனது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். மனைவி சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார்.

"என்னைய வேணாம். ஊதிப் போய்க் கெடக்கேன்."

"உன்னைய இல்ல. என்னைய."

தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் அழுதாள். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை என்று சமாதானம் சொன்னார்.

"அதுக்கு அழலீங்க. நான் கெழவியாயிட்டேன், உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டேன். கண்ணாடி பாக்குறதையே விட்டுட்டேன்."

தன் கோணலை மறைக்கப் போய் இவளை இப்படி ஒடித்துப்போட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்தில் வேறு யார் முகமும் அவருக்கு இவ்வளவு வேண்டியிருந்ததில்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் தலையணையுமாக அறைக்குள் போனாள்.

அவசரம் ஒன்றுமில்லை என்றாள் அவள். பழைய கதை பேசினார்கள். வெகுநேரம் கழித்து அவள் போனை எடுத்தபோது, அவர் பழக்கதோஷத்தில், "நேராப் பிடி" என்றார்.

"நான் நேராத்தாங்க பிடிச்சிருக்கேன்" என்றாள்.

இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது. கூடம் கோணலாக இருந்தாலும் ஆடத் தெரிந்தவர்களுக்கு வழி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். வளைவு மிதமாகத்தான் இருக்கிறது, மூன்று மாதம் கழித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். பிறகு இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி, "ஓரத்துல யாரோட விரலோ விழுந்திருக்கே?" என்று கேட்டார்.

வேறு யாராவது அப்படி எடுத்துக் கொடுத்திருந்தால் போட்டோக்காரர் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

"அது இருக்கட்டும் டாக்டர்" என்றார். "வெளியதான் உக்காந்திருக்கா. உள்ள கூப்பிடட்டுமா?"