ஓடையில் நின்ற பாடை

நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்த குணசீலன் ஓடைக்கு வந்ததும் நின்றுவிட்டான். பின்னால் பாடையும் நின்றது. விடிய விடியப் பெய்த மழைத்தண்ணீர் சுடுகாட்டுப் பாதையை இடுப்பளவுக்கு மூடிக் கிடந்தது.

அண்ணன் அப்புசாமிக்குப் பிள்ளையில்லை. கொள்ளி வைக்கும் பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவனுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மை. சந்தையிலும் கோயிலிலும் யாரும் இவன் பேரைக் கேட்டதில்லை, "அப்புசாமி தம்பிங்களா?" என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கு ஒரு நாளாவது இவன் முன்னால், அண்ணன் பின்னால். பங்காளிக் காய்ச்சலுக்கு இழவு வீடென்றும் தெரியாது.

ஓடை இப்படி நிற்பதற்கும் அந்தக் காய்ச்சல்தான் காரணம். மேட்டுக்காட்டை வாங்கி வீட்டுமனை சைட்டுப் போட்டவர்கள், ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிச் சாலை போட்டு அடியில் ஒரு குழாய் மட்டும் பதிப்போம் என்றார்கள். கிராம சபையில் அப்புசாமி எழுந்தார்.

"சைட்டு வேண்டாங்கலீங்க. மழைத்தண்ணி ஒத்தக் குழாய்ல அடங்காது. ஓடைக்கரை வேப்பமரத்துக்கிட்ட அகலமா ஒரு பாலம் கட்டுங்க."

கூட்டம் வாய் பேசாமல் கேட்டது. அதுதான் குணசீலனுக்குப் பொறுக்கவில்லை. குழாயே போதும் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். கூடப்பிறந்தவனே தூக்குகிறானே என்று மற்றவர்களும் தூக்கினார்கள். குழாய்ச் சாலையே வந்தது; இன்றைக்குத் தண்ணீர் அதில் முட்டி நிற்கிறது. அப்புசாமி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாடையை நடுவழியில் இறக்குவது அந்த ஊரில் வழக்கமில்லை. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். பள்ளத்தெருச் சின்னாயி முழங்கால்வரை சேற்றோடு வந்தாள்.

"எங்கூட்டுக்குள்ளயும் தண்ணிங்க. பெரியவரு இருந்திருந்தா இந்நேரம் மம்பட்டி எடுத்திருப்பாருங்க."

செத்தும் அவர்தானா! குணசீலன் சட்டியைப் பங்காளி ஒருவரிடம் கொடுத்தான்.

"மம்பட்டி கொண்டாங்க!"

சின்னாயி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். வேப்பமரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, சற்றுத் தள்ளிப்போய்ச் சாலையை வெட்டினான். கல்லில் மோதி மம்பட்டி துள்ளியது. இன்னும் தள்ளிப்போய் வெட்டினான். அங்கும் கல்.

"தோள் வலி தாங்கலீங்க, சீக்கிரம்!" என்றார் பாடை தூக்கிய ஒருவர்.

குணசீலன் நிமிர்ந்தபோது அண்ணன் முகம் கண்ணில் பட்டது. தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். கிராம சபையன்று போலவே அவர் ஒன்றும் சொல்லவில்லை. குணசீலன் மம்பட்டியை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தான். அங்கே மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. தண்ணீர் சாலையைப் பிளந்துகொண்டு பழைய ஓடையில் பாய்ந்தது.

"பாருங்க, பெரியவரு சொன்ன இடந்தானுங்க!" என்றாள் சின்னாயி.

எல்லோரும் பாடையைத்தான் பார்த்தார்கள். இடுப்புவரை சேறாக நின்றவனை ஒருவரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாதை தெரிந்தது. பங்காளி சட்டியை நீட்டினார். குணசீலன் வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"சட்டிதான் முன்னால போவோணும். நடப்பா."

"அண்ணன் போவட்டுமுங்க" என்றான்.

பாடை அவனைக் கடந்து போனது. நெருப்புச் சட்டி அதன் பின்னால் போனது.