பாசஞ்சர் வண்டியில் வளைகாப்பு

வளர்மதியின் கவிதை ஒரு வாரப் பத்திரிகையில் அச்சாகி வந்த பிறகுதான் அவளுக்குக் கவிதை வராமல் போனது.

அதற்கு முன்னால் அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். திருச்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் டைப்பிஸ்ட் வேலை. அரியலூரில் காலைப் பாசஞ்சரின் லேடீஸ் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், திருச்சி வருவதற்குள் ஏதாவது நாலு வரி தேறிவிடும். யாரிடமும் காட்டமாட்டாள். ஒரே ஒரு முறை தைரியம் வந்து, வாசல் முருங்கை மரத்தில் படிகிற சிமெண்டுத் தூசியைப் பற்றி எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அதை அவர்கள் ஓவியமெல்லாம் வரைந்து அரைப்பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள்.

அவள் கணவன் அரங்கநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய், தான் வேலை பார்க்கும் சிமெண்டு ஆலையின் கேன்டீனில் ஆளுக்கொன்று கொடுத்தான். ஆபீசில் மேனேஜர் எழுந்து நின்று கை குலுக்கினார். காய்கறிக்காரம்மாகூட, "கவிஞரம்மா, கத்திரிக்கா பிஞ்சா இருக்கு, பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து பேனாவை எடுத்தால் கை கனத்தது. ஒரு வரி எழுதுவாள். அச்சில் வந்ததோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பாள். சப்பென்று இருக்கும், அடித்துவிடுவாள். மாசி போய், பங்குனி போய், சித்திரையும் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அதே சுண்ணாம்புக்கல் லாரிகளும் அதே வயல்களும்தான் ஓடின. ஆனால் அவை எதுவும் அவளோடு பேசவில்லை.

"இயற்கைக் காட்சியைப் பாத்தா கவிதை வருமாம். கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கநாதன் அவளை டிவிஎஸ் பிப்டியில் ஏற்றி, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றுக்குக் கூட்டிப்போனான். ஒரு மரத்தடியில் துண்டை விரித்து அவளை உட்காரவைத்தான். தான் பக்கத்தில் இருந்தால் இடைஞ்சல் என்று தள்ளிப்போய், வேறொரு மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில், "ஐயையோ!" என்று ஒரு சத்தம். கட்டெறும்பு வேட்டிக்குள் புகுந்துவிட்டது. அவன் குதித்த குதியில் தோப்புக் காவல்காரர் கம்போடு ஓடிவந்தார். வளர்மதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. திரும்பும் வழியில் சூடாக பஜ்ஜி தின்றார்கள். அருமையான நாள்தான். கவிதை மட்டும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் குஞ்சம்மாள் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். திருச்சி கோர்ட்டில் பியூனாக இருக்கும் குஞ்சம்மாள் வைத்ததுதான் லேடீஸ் பெட்டியில் சட்டம். தினமும் உடன் வரும் மர்ஜியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். லப்பைக்குடிக்காட்டுப் பெண், அரியலூரில் வாழ்க்கைப்பட்டு, திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். புருஷன் ஆசிக் துபாயில்.

"வர்ற வெள்ளிக்கெழமை நம்ம வண்டியிலேயே மர்ஜியாவுக்கு வளைகாப்பு" என்று அறிவித்தாள் குஞ்சம்மாள். "சோறு நீங்க எல்லாரும். வளையலு, பூவு என் பொறுப்பு. நம்ம வளரு ஒரு கவிதை எழுதிப் படிக்கும்."

"எங்க ஊர்லயும் ஏழாம் மாசம் பூ முடிப்பாங்க அக்கா. ஆனா கவிதையெல்லாம் யாருக்கும் படிச்சதில்ல" என்று மர்ஜியா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னபோது வளர்மதியால் மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் கையில் ஒரு வரிகூட இல்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்ன வளரு, கெளம்பல?"

"காச்சலா இருக்குங்க."

அரங்கநாதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஜில்லுனு இருக்கே!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எழுதலைங்க. ஒண்ணுமே வரல. அந்தப் புள்ளை மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவன் போர்வையை உருவினான். "அந்தப் பொண்ணு வளையல் போட்டுக்கத்தான வருது? நீ போயி ரெண்டு வளையலப் போட்டுட்டு வா. கவிதை இல்லன்னா வளைகாப்பு நின்னுருமா? எந்திரி, எந்திரி. நான் கொண்டாந்து வுடுறேன்."

பெட்டி ஏற்கெனவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஜன்னல் கம்பிகளில் மல்லிகைச் சரம். மேலே பெட்டி வைக்கும் பலகையில் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு என்று தூக்குவாளிகள். மர்ஜியா பச்சைப் பட்டுச் சேலையில், தலையில் முக்காட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

வளர்மதி குஞ்சம்மாளின் காதோடு சொன்னாள். "எழுத வரலக்கா. மன்னிச்சுக்கங்க."

"வரலன்னா வுடு. இந்தா, சந்தனக் கிண்ணத்தப் புடி" என்றாள் குஞ்சம்மாள். ஒரு பெரிய கல்லை இறக்கி வைத்தாற்போல வளர்மதிக்கு மூச்சு வந்தது.

லால்குடி தாண்டி, கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. வளையல் போட அதுதான் நேரமென்று ஆரம்பித்தார்கள். ஆனால் வளையல் ஏறவில்லை. மர்ஜியாவின் கை வீங்கியிருந்தது. குஞ்சம்மாள் கண்ணளவில் வாங்கிவந்த சைஸ் அது.

"யா அல்லா! அக்கா, வலிக்குது!"

"சோப்பு யார்ட்டயாவது இருக்கா?"

"தேங்காண்ண தடவுங்கடி!"

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் தடவி, வளர்மதியே மர்ஜியாவின் கையைப் பிடித்து நீவிவிட்டாள். ஒரு வளையல் உடைந்தது. மர்ஜியாவின் முகம் வாடியது. அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்பதைத் தவிர வளர்மதிக்கு வேறு நினைப்பே இல்லை. வாய் தானாக ராகம் போட்டு இழுத்தது:

"பாலத்து முன்னால பாசஞ்சரு லேட்டு,
பாப்பா நீ வந்துரணும் கரெக்டு டேட்டு!"

பெட்டி கொல்லென்று சிரித்தது. மர்ஜியா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உள்ள உதைக்குதுக்கா!" என்றாள்.

"ரயிலு நின்னாலும் நிக்காத காலு,
ராசாவோ ராணியோ உதைக்குது பாரு!"

யாரோ தூக்குவாளி மூடியில் தாளம் போட்டார்கள். ஒரு வளையல் ஏறியது. குலவைச் சத்தம் பக்கத்துப் பெட்டிவரை போயிருக்க வேண்டும், ஆண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"துபாயில அத்தாவுக்குத் தூக்கமே இல்ல,
தூளிக்குச் சீலை அங்க கடையிலயும் இல்ல!"

மர்ஜியாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் உதடு சிரித்தது. ஒவ்வொரு வளையலுக்கும் ஒரு வரி. வளர்மதி நல்ல வரியா, மோசமான வரியா என்று பார்க்கவே இல்லை. பார்க்க நேரமும் இல்லை. ஒன்று முடிவதற்குள் பெண்கள் "அடுத்தது, அடுத்தது" என்று கத்தினார்கள். வண்டி நகர்ந்து, கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டி, காவிரிப் பாலத்தில் தடதடத்தபோது இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

"எழுத வரலன்னு சொன்ன" என்றாள் குஞ்சம்மாள், இலையில் புளிச்சோற்றை வைத்துக்கொண்டே.

அப்போதுதான் வளர்மதிக்கே உறைத்தது. சிரித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசில் உட்கார்ந்து அந்த வரிகளை எழுதப் பார்த்தால் பாதிதான் நினைவுக்கு வந்தது. மாலைப் பாசஞ்சரில் ஏறியதும் எல்லோரையும் கேட்டாள். பெட்டியே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

"பாசஞ்சரு லேட்டுதான் மொதல்ல!"

"இல்லடி, உதைக்குது பாருதான்! நான்தான வாளி மூடியத் தட்டினேன்?"

மர்ஜியா கை நிறைய வளையல் குலுங்க நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இன்னிக்கு ராத்திரி அவங்க போன் பண்ணுவாங்கல்ல, பாடிக்காட்டணும்னு மனப்பாடம் பண்ணிட்டேன்." அவள் சொல்லச் சொல்ல, வளர்மதி மடியில் தாளை வைத்து எழுதினாள். அடித்தல் இல்லை. மர்ஜியா நிறுத்திய பிறகும் பேனா நிற்கவில்லை.

குஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்:

"உக்கார எடமில்ல, உனக்கென்ன கவலை?
ஊருப்பட்ட மடியிருக்கு, ஏறிக்க மெல்ல."

"இது காலையில வரலையே?"

"இப்பத்தான் வந்துச்சுக்கா" என்றாள் வளர்மதி, தலையை நிமிர்த்தாமல்.