பழுப்புத் திட்டு

நித்தீஷின் மேசைமேல் பனியன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு பவளக் கிளை. அதன் கீழே ஆங்கிலத்தில், கடலைக் காப்போம் என்று. திருப்பூர் வேலம்பாளையத்தில் அவன் அப்பா கட்டிய பனியன் கம்பெனியில் அந்த ஒரு அறையில்தான் ஏசி. போன வருஷம் மரத்தைக் காப்போம். ஆயிரம் கன்றுகளைப் பாலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் குழிக்குள் இறக்கிவிட்டு, போட்டோ எடுத்து, மோர் குடித்து வந்தவர்கள். கன்றுகள் அந்த மாதமே காய்ந்தன. இந்த வருஷம் கடலின் முறை. பாவம் கடல், அதற்கு ஓடி ஒளியத் தெரியாது.

கட்டிங் செக்‌ஷனிலிருந்து அந்தோணிராஜைக் கூப்பிட்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன்; பவளம் நடும் குழு ஒன்றில் ஐந்து வருஷம் முங்கு வேலை பார்த்தவன். உயிருள்ள பவளத்தில் விரல் நீளக் கிளை ஒடித்து, சிமென்ட் பலகையில் கட்டி, கடலடியில் வைப்பார்கள். மாதம் ஒருமுறை இறங்கி, பிள்ளைக்குப் பல் விளக்கிவிடுகிற மாதிரி, பிரஷ்ஷால் பாசி தேய்த்துவிட்டு வருவான். ஒரு கோடையில் தண்ணீர் சுட்டது. நட்டதெல்லாம் வெளுத்தது. வெளுப்பது என்றால் உடனே சாவு இல்லை கண்ணுகளா, பட்டினி. சதைக்குள் குடியிருந்து சோறு போடுகிற நுண்பாசியைச் சூடு தாங்காமல் பவளமே வெளியே துப்பிவிடுகிறது. தண்ணீர் சீக்கிரம் ஆறினால் பிழைக்கும். அந்த வருஷம் ஆறவில்லை. குழு கலைந்தது, அவன் திருப்பூருக்கு பஸ் ஏறினான். ஒரு தீவுக்குத் தெற்கே, அறையளவு ஒரு திட்டு மட்டும் அந்தச் சூட்டிலும் வெளுக்காமல், உயிருள்ள பழுப்பு மாறாமல் நின்றது. அது எங்கே என்று இப்போது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“நீங்க டைவருங்களாமா?” என்றான் நித்தீஷ். “இருவதாந் தேதி பாரின் பையர் மேடம் வர்றாங்க. ஐநூறு பீஸ் பவளம் நடறோம். பர்மிஷனெல்லாம் ஏஜென்சிக்காரங்க பாத்துக்குவாங்க. நல்ல உசுரான பவளம் எங்கீங்க இருக்குது?”

“இப்ப ஒடிக்கக் கூடாது சார். மே மாசம், தண்ணி கொதிக்கி. தாயும் சாவும், பிள்ளையும் சாவும். மழை முடிஞ்சு தையில பாக்கலாம்.”

“தைமாசமா? ஷிப்மென்ட் ஜூன்ல போகுதுங்க!”

இவன் சரக்குத் தேதிக்குக் கடல் ஆறிக் கொடுக்கவேண்டுமாம்.

“போட்டோ கீது இருக்குதுங்களா?”

பழக்கதோஷத்தில் போனை நீட்டிவிட்டான். நீட்டிய பிறகுதான் பார்த்தான். திரையில் அந்தத் திட்டு.

“என்னங்க இது, சேத்துக் கலருல?” நித்தீஷ் விரலால் தள்ளினான். அடுத்த படம், தீவுக் கரையில் ஒதுங்கி வெயிலில் கிடக்கும் செத்த கிளைகள். “இது பாருங்க! என்ன ஒயிட்டு! இதேதானுங்க வேணும்.”

பஞ்சை வெளுத்தே பெரிய மனிதரான குடும்பம். வெள்ளை என்றால் ஏ கிரேடு, பழுப்பு என்றால் ரிஜக்ட்.

மத்தியானச் சாப்பாட்டில் அந்தோணிராஜ் அதைச் சொன்னபோது, செக்கிங்கில் வேலை பார்க்கும் அவன் மனைவி ஜோதிகாவுக்குப் புரையேறியது.

“செத்ததுன்னு சொல்லிட்டீகளா?”

“இல்ல. வரமாட்டேன்னு சொல்லப் போறேன்.”

“சொல்லுங்க. ஏஜென்சிக்காரன் வேற ஆளக் கூட்டிட்டுப் போயித் தேடுவான். தேடுனா அந்தத் திட்டு கெடைக்கும்.” தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: “பொணத்துக்குப் பூச்சூடத்தான இவுகளுக்குத் தெரியும்? பொணத்தையே குடுங்க.”

“கடல்ல கூட வேல பாத்தவுக கேட்டா காறித் துப்புவாக.”

“துப்பட்டும். தொடச்சிக்கிடலாம்.”

இருபதாம் தேதி தீவுக் கரையில் மூன்று சாக்கு நிறையப் பொறுக்கிக் கொடுத்தான். அலையில்லாத இடம் என்று ஏஜென்சிக்காரன் படகை நிறுத்திய இடம்தான் அவனைக் கலக்கியது. தீவுக்குத் தெற்கே, அந்தத் திட்டுக்குப் பக்கத்திலேயே. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சாக்கின் வாயை அவிழ்த்தான்.

கம்பெனி வேஸ்ட் பனியன் துணியைப் பச்சை நாடாவாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். நித்தீஷ் ஒரு செத்த கிளையைப் பலகையில் வைத்து, பரிசுப் பொட்டலத்துக்குப் போடுவதுபோல் பூமுடிச்சு போட்டான். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேமரா அவள் கண்ணுக்கு இன்னும் கிட்டே போனது.

“வளந்துருமுங்களா?” என்றான் நித்தீஷ், கேமராவைப் பார்த்து.

“பாத்துக்கிட்டே இருங்க சார்,” என்றான் அந்தோணிராஜ்.

பலகையை அணைத்துக்கொண்டு இறங்கினான். ஆற வைத்த வெந்நீர்போல இருந்தது கடல். இந்தச் சூட்டில் அந்தத் திட்டு இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறதா, இல்லை அதுவும் துப்பிவிட்டதா? இடப்பக்கம் பத்துப் பாகம், அறுபதடி, நீந்தினால் தெரிந்துவிடும். மேலே படகில் கைதட்டுவது தொம் தொம்மென்று தண்ணீருக்குள் கேட்டது. தலைக்கு நேரே, முங்குக் கண்ணாடி மாட்டிய கேமராக்காரன் மிதந்தபடி அவன் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தோணிராஜ் மூச்சை அடக்கி, பலகையை மணலில் ஊன்றி, பச்சை முடிச்சைச் சரிசெய்வதுபோல் குனிந்து, வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.