அக்னி மூலையில் தண்ணீர்

மார்கழியில் மீனுக்குத் தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அதையும் வெயில் ஏறிய பிறகுதான் போட வேண்டும் என்பது பீளமேட்டில் எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் தென்கிழக்கு மூலையில் குளம் இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்வு விளங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இதைச் சொன்னவர் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும், சம்பந்தியாகப் போகிறவர். என் மகள் அக்ஷயாவுக்கும் அவர் மகன் மிதுனுக்கும் தை மாதம் நிச்சயம் என்று பேசி முடித்து, பலகாரம் தின்று, கை கழுவப் பின்பக்கம் போனவர் தோட்டத்துக் குளத்தைப் பார்த்துவிட்டார். "அக்னி மூலைல தண்ணிங்க. நிச்சயத்துக்கு முன்னாடி மூடிப்போடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் உடனே, "சரிங்க" என்றார். யார் எது சொன்னாலும் அவருக்குச் சரிங்கதான். முப்பது வருஷமாக அந்த ஒரே வார்த்தையைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மூடுவார்களாம்! பன்னிரண்டு வருஷமாக அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். சித்திரையில் பச்சை வலை கட்டி நிழல் கொடுப்பேன். வற்றுகிற தண்ணீருக்கு ஈடாக, குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் டிரம்மில் வைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் ஊற்றுவேன். ஆடிக் காற்றில் விழும் வேப்பிலையைத் தினமும் அள்ளாவிட்டால் அழுகி நாறிவிடும். போன ஐப்பசி மழையில் குளம் வழிந்து, சாக்கடை வரை போய்விட்ட மீனை முந்தானையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எந்த வாஸ்துவும் எனக்குக் குடை பிடிக்க வரவில்லை.

"மீனையெல்லாம் உக்கடம் குளத்துல உட்டுறலாம் புள்ள" என்றார் இவர். குளிரில் அடியில் அசையாமல் கிடப்பதைப் பிடித்து இடம் மாற்றினால் பாதி செத்துப்போகும் என்றேன். "நாளைக்கு மண்ணு வருது" என்றார், காதில் விழாத மாதிரி.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் செம்மண் ஏற்றிய டிப்பர் பின்பக்கமாகத் தோட்டத்துக்குள் வந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துக்குள் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர். குளிரில் பல் கிட்டியது.

"அம்மா, மேல வாங்க, மண்ணு கொட்டோணும்" என்றார் டிரைவர்.

"கொட்டுங்க. என்னையும் சேத்து மூடிப்போடுங்க."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு மாடியில் ஆள் கூடியது. "மானம் போகுது புள்ள" என்றார் இவர். போகட்டும் என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளுக்குள் பயம்தான். மிதுனை அக்ஷயாவுக்குப் பிடித்திருந்தது. என் வீம்பால் அவள் கல்யாணம் நின்றுபோனால் நானெல்லாம் ஒரு தாயா? சரவணம்பட்டி ஆபீசுக்குக் கிளம்பியவள் ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றபோது கேட்டே விட்டேன்.

"கண்ணு, நீ மூடுன்னு சொல்லு, இப்பவே ஏறி வந்தர்றேன். வேற யாரு சொன்னாலும் ஏற மாட்டேன்."

அவள் என்னையும் டிப்பரையும் பார்த்தாள். பிறகு மிதுனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏனுங்க, எங்க குளத்தை மூடோணும்னு உங்களுக்குத் தோணுதுங்களா?"

"எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்லைங்க."

"அப்ப அதை உங்கப்பாகிட்டச் சொல்லுங்க."

"அப்பா சொன்னா... சரின்னு போயிரலாமேங்க. சின்னக் குளம்தானுங்க."

"குளம் இருக்குமுங்க. உங்கப்பாகிட்டப் பேசிட்டுக் கூப்பிடுங்க. பேச முடியாதுன்னா கூப்பிட வேண்டாமுங்க." வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை முட்டியது. "எனக்காகவா கண்ணு?"

"உங்களுக்காக இல்லீங்கம்மா. எல்லாத்துக்கும் சரிங்க சொல்ற ஆளோட நானும் முப்பது வருஷம் இருக்கோணுமா?"

அப்பாவைப் பார்த்துக்கூட அவள் சொல்லவில்லை. ஆனாலும் இவர் முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நான் ஏறிவிடவில்லை.

இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். காங்கேயத்துக்குப் போட்டார்.

"நஞ்சுண்டன் பேசறேனுங்க. அந்தக் குளத்தை மூட முடியாதுங்க." அந்தப் பக்கம் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. "இல்லைங்க" என்றார் இவர். மறுபடியும் சத்தம். குரல் உடைய, இன்னொரு தரம், "இல்லைங்க" என்றார்.

குளிரெல்லாம் மறந்து, அந்த வார்த்தையைக் கேட்டபடி நான் தண்ணீரிலேயே நின்றேன்.