ஏலக்காய் வாய்

எங்கள் தெருவில் யார் வீட்டு ஆம்பிளை எப்போது வீடு திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் சுருளிவேல் வருவது மட்டும் தெருவுக்கே தெரியும். போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, தெருமுனையில் திரும்பும்போதே முன்பல்லில் நாக்கை அழுத்தி ஒரு சீட்டி அடிப்பார். அது கேட்டதும் நான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன். அவர் கால் கழுவி உட்காரவும் முதல் தோசை வேகவும் சரியாக இருக்கும். எழுபதுகளில் எங்கள் குடும்பம் நடந்தது அந்தச் சீட்டியை வைத்துத்தான்.

சீட்டிக்குப் பின்னாலேயே ஏலக்காய் வாசனை வரும். எந்நேரமும் கடைவாயில் ஒரு காயை ஒதுக்கியிருப்பார். படுக்கும்போதுகூட ஒன்று கிடக்கும். ஜீப்பில் ஏலக்காய் மூட்டை ஏறி இறங்குகையில் சிந்துகிற காய்க்கு என்ன பஞ்சம்? மற்ற ஆம்பிளைகள் மலையிலிருந்து என்னென்ன வாடையோடோ வருவார்கள். என் ஆள் மணக்க மணக்க வருவார். குழாயடியில் அதைச் சொல்லிப் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு வெட்கமும் கிடையாது, பெருமைக்கும் குறைச்சல் கிடையாது.

அந்த வாயில் கோளாறு என்று நான் முதலில் கண்டது ஒரு கொய்யாப்பழத்தில். கடித்த இடம் சிவந்திருந்தது. சிவப்புக் கொய்யாவோ என்று புரட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கொய்யாதான்.

"என்னங்க இது?"

"சூடு புள்ள. நாள் பூரா இஞ்சினை அணைச்சுக்கிட்டுல்ல உக்காந்திருக்கேன்."

சூடு என்றால் எண்ணெய்க் குளியல், மோர். நான் அதைச் செய்தேன். அவர் தன் பங்குக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தேய்த்தால்தானே ரத்தம் வருகிறது என்று பல் தேய்ப்பதையே விட்டுவிட்டார். காலையில் கொப்பளித்துவிட்டு ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு, ஒரு பீடியைப் பற்ற வைத்துக் கிளம்புவார். ஜீப் ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு இதுதான் வைத்தியம். ஒருத்தன் வாயும் நாறவில்லை, அதனால் ஒருத்தனுக்கும் நோயில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எழுபத்தொன்பதில் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் சீட்டி கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சீட்டி அடிக்கப் போனேன் புள்ள. முன்பல்லு ஆடுது."

நாற்பதுகூட ஆகாத மனிதர். மறுநாள் அவருடைய கூட்டாளி காசிமாயன் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். "மாப்ளே, பல்லு டாக்டர்கிட்ட மட்டும் போயிராத. பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டிருவாங்க. அதுதான் பல்லைப் பிடிச்சு நிக்கிது. பூச்சை உரிச்சா செங்கலு நிக்குமா?"

இவர் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, உங்க பல்லுக்கு நீங்க வைத்தியம் பாருங்க. இவர் பல்லு போனா சீட்டியும் போயிரும். எனக்கு அந்தச் சீட்டி வேணும்" என்றேன். அடுத்த வாரம் போடி ரயிலில் இவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பல் டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஏலக்காயைத் துப்பிட்டு நல்லாக் கொப்பளிச்சிட்டு வாங்க" என்றார். இவர் என்னைப் பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்ல நினைத்தாரோ என்னவோ. நான் நகரவில்லை. கொப்பளித்துவிட்டு வாயைத் திறந்தார்.

அந்த வாடை நான் நின்ற இடத்துக்கு வந்தது. சீழும் ரத்தமும் கலந்த வாடை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தபோது, அவர் மேல் கோபமும் பரிதாபமுமாக வந்தது.

"ஏலக்காய் மேல குத்தமில்லைங்க" என்றார் டாக்டரம்மா, விவரமெல்லாம் கேட்டுவிட்டு. "அது நோயைக் கொண்டு வரலை, மறைச்சு வச்சிருச்சு. ரத்தம் வந்தப்போ தேய்க்கிறதை நிறுத்தினீங்க பாருங்க, அங்கதான் கெட்டது. அழுக்கு ஈறுக்கு அடியில இறங்கி, கல்லாகி, பல்லைத் தாங்குற எலும்பைக் கரைச்சிருக்கு. அந்தக் காரை பல்லைப் பிடிச்சு நிறுத்தலை, கீழ தள்ளிக்கிட்டு இருக்கு. கரைஞ்ச எலும்பு திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

சில தடவை வரச் சொல்லிச் சுத்தம் செய்தார். கீழ்ப்பல் ஒன்றை எடுக்கவேண்டி வந்தது. பீடியை விடணும், காலையும் ராத்திரியும் ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மெதுவாகத் தேய்க்கணும், ரத்தம் வந்தாலும் நிறுத்தக்கூடாது என்றார். ஏலக்காய் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், வாடை வந்தால் தெரியட்டும் என்றார்.

காரை போன இடமெல்லாம் பல்லுக்குப் பல் சந்து தெரிந்தது. சீட்டி அடித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. காசிமாயன் அண்ணன் "நான் சொன்னேன்ல" என்றார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டு, தினமும் இவர் பல் தேய்க்கும்போது போலீஸ்காரி மாதிரிப் பக்கத்தில் நின்றேன். நாளாக நாளாக ரத்தம் நின்றது. பீட்ரூட் நிறத்தில் வீங்கிக் கிடந்த ஈறு வற்றியது. முன்பல்லின் ஆட்டமும் குறைந்தது.

ஆனால் மனிதர் சீட்டி அடிக்கவில்லை. திருடன் மாதிரிச் சத்தமில்லாமல் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசி, எட்ட உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். தை மாதம் ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"பல்லுதான் நின்னுருச்சே. ஒருக்கா அடிச்சுப் பாத்தா என்ன?"

"இத்தனை நாள் கழிச்சு அடிச்சா நீ வாசலுக்கு ஓடி வந்துருவ."

"வந்தா?"

தட்டைப் பார்த்தபடி சொன்னார். "வாய் மணக்காதே புள்ள. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, 'மாப்பிள்ளை மேல ஏலக்கா மணக்குது'ன்னு கதவுக்குப் பின்னால உங்க அக்காகிட்டச் சொன்னேல்ல? என் காதுல விழுந்துச்சு. அன்னிக்கு ஏதோ ஒண்ணு வாயில கிடந்துச்சு. அதுக்கப்புறம் விட மனசில்ல."

நான் சொன்னது எனக்கே மறந்து போயிருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"வாயைத் திறங்க."

டாக்டரம்மா மாதிரிக் கிட்டே போய் மோந்து பார்த்தேன். ஏலக்காய் இல்லை, சீழ் இல்லை, ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.

"இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் பாதி காற்றும் பாதிச் சத்தமுமாக ஒரு சீட்டி கேட்டது. அன்றைக்கு அவருக்குத் தோசை ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது. கல்லை ஏற்றாமல் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன்.